மாலதி, அந்த டீயை நிறுத்து

அன்புள்ள மாலதி,

முதலில் ஒரு காரியம் செய். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அடுப்புப் பக்கத்தில் இருக்கிற அதிமதுர டப்பாவை எடுத்துக் கைக்கு எட்டாத இடத்தில் போடு. போட்டுவிட்டு வந்து மிச்சத்தைப் படி. குடி குடி என்று உன்னை நச்சரித்தவளும் நான்தான், இப்போது வேண்டாம் என்கிறவளும் நான்தான். திட்டுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

ஆறு மாதமாக ஒரு வரி எழுதாததற்கும் சேர்த்தே திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவளுக்கு வேலை உறுதியாகிவிட்டது. பிரபா இன்னும் அந்தச் சீப்பு விவகாரத்தை விடவில்லை, போன வாரம் போன் செய்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தேன். பதறாதே, வந்து ஐந்து வாரம் ஆகிறது. படுக்க வைத்தது அந்த டீதான்.

போன வருஷம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டு மூன்று வாரம் பேச்சே வராமல் இருந்ததே, நீகூட ‘ஊருக்கு நல்ல காலம்’ என்றாயே, அப்போது ஆரம்பித்த பழக்கம். நாலே நாளில் தொண்டை சரியாயிற்று. அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன். வேரின் வழவழப்பு தொண்டையில் படிந்து எரிச்சலை அடக்குகிறது. ஆபரேஷனுக்கு முன்னால் அதிமதுரத் தண்ணீரால் கொப்பளிக்க வைத்தால், மயக்க மருந்துக்காகக் குழாய் விட்டதால் வரும் தொண்டை வலி குறைகிறது என்று ஒழுங்காகச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆனால் கவனி, அது கொப்பளித்துத் துப்புவது. நான் துப்பவில்லை. தொண்டை சரியான பிறகும் நாலு மாதம் குடித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த ருசி உனக்குத் தெரியும். சர்க்கரையை நிறுத்திய நாக்குக்கு அது வரம் மாதிரி. கிளைசிரைசின் என்று அதில் இருக்கிற பொருள் சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு இனிப்பு. இரண்டு விரல் நீளத் துண்டை நசுக்கிப் போட்டு, இருபது நிமிஷம் கொதிக்கவிட்டு, மூன்று டம்ளர். காலை, மதியம், இரவு. கொதித்த சக்கையை வேறு வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பேன். முப்பது வருஷம் வேதியியல் பாடம் எடுத்தவள், ‘அளவு’ என்ற வார்த்தையைக் கரும்பலகையில் எத்தனை தடவை அடிக்கோடிட்டிருப்பேன்! என் டம்ளருக்கு மட்டும் அந்தப் பாடம் ஞாபகம் வரவில்லை.

முதலில் மோதிரம் இறுகியது. உடம்பு போட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேலே வளையம் போலப் பள்ளம், அரை மணி நேரம் ஆனாலும் மறையாது. அப்புறம் தலைவலி. போய்ப் பார்த்தால் பிரஷர் 168க்கு 102. வாழ்நாளில் 130ஐத் தாண்டாதவள் நான். டாக்டர் பார்த்தார், வயசு என்றார், நீர் பிரிகிற மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார். ‘வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?’ என்றும் கேட்டார். ‘எதுவும் இல்லை’ என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். டீயை யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா?

பத்து நாள் கழித்து ஒரு காலையில் பாத்ரூம் முக்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. வலி இல்லை. எழு என்று சொல்கிறேன், தொடை கேட்கவில்லை, நனைந்த துணி மாதிரிக் கிடக்கிறது. நெஞ்சில் நாலு அடி ஒழுங்காக அடித்து, ஐந்தாவது தடுக்கி விழுகிறது. சின்னவள் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள், நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு ‘ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை’ என்கிறேன்.

ரத்தத்தில் பொட்டாசியம் 3.5க்குக் கீழே போகக் கூடாது. எனக்கு 2.6. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, கையில் பொட்டாசியம் ஏற்றினார்கள். அது ரத்தக் குழாய் வழியாகப் போகும்போது எரிகிற எரிச்சல் இருக்கிறதே, முழங்கை வரைக்கும் மிளகாய் அரைத்துத் தடவின மாதிரி. இரண்டாம் நாள் ராத்திரி ஒரு சின்னப் பெண், பயிற்சி டாக்டர், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள்: ‘மாத்திரையை விடுங்கம்மா. நாள் முழுக்க என்னென்ன வாயில் போடுகிறீர்கள், காலையிலிருந்து சொல்லுங்கள்.’ சொல்லிக்கொண்டே வந்தேன். அதிமதுரம் என்றதும் பேனாவை மூடிவிட்டாள்.

அவள் விளக்கினதை உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், தூங்கிவிடாதே. சிறுநீரகத்தில் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உட்கார ஒரு நாற்காலி இருக்கிறது. அது உட்கார்ந்தால் உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். கார்டிசோல் என்று இன்னொரு ஹார்மோன், ரத்தத்தில் நூறு மடங்குக்கும் மேல் அதிகமாகச் சுற்றுகிறது. அதற்கும் இந்த நாற்காலி கச்சிதமாகப் பொருந்தும். அதை உட்காரவிடாமல் செயலிழக்கச் செய்ய ஒரு நொதி வாசலிலேயே நிற்கிறது. அதிமதுரம் அந்த வாசல்காரனைத் தூங்க வைத்துவிடுகிறது. பிறகு என்ன, கார்டிசோல் கூட்டமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. உப்பும் தண்ணீரும் தேங்கி மோதிரம் இறுகுகிறது, பிரஷர் ஏறுகிறது, பொட்டாசியம் போய்க்கொண்டே இருக்கிறது. அந்த நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றுகிற ஜாதிதான். ஓட்டைக் குடத்தில் நானே இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? தேடித் தேடிப் படித்தேன். 1940களில் ரெவர்ஸ் என்ற டச்சு டாக்டர் வயிற்றுப் புண்காரர்களுக்கு அதிமதுரச் சாறு கொடுத்துப் பார்த்திருக்கிறார். புண் நன்றாகவே ஆறியிருக்கிறது. ஆனால் ஐந்தில் ஒருவருக்கு முகமும் காலும் வீங்கியிருக்கிறது. இதை 1946இல் எழுதியும் வைத்திருக்கிறார். அதாவது நீயும் நானும் பிறப்பதற்கு முன்பே தெரிந்த சங்கதி! இன்னொன்று கேள், அட்ரீனல் சுரப்பி பழுதாகி உடம்பில் உப்பு தங்காத நோயாளிகள் சிலருக்கு 1950களில் இதே உப்புத் தேக்கம் உபகாரமாகவும் இருந்திருக்கிறது. எனக்கு வந்த வினை அவர்களுக்கு மருந்து. இதைப் படித்த அன்று ராத்திரி பதினொரு மணிக்கு உனக்குப் போன் செய்ய இருந்தேன், உன் வாய்க்குப் பயந்து விட்டுவிட்டேன்.

சரி, இனி உன் கதை. இதற்காகத்தான் இவ்வளவும். நீ காலையில் போடுகிறாயே ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, அதுவும் நீர் மாத்திரைதான் என்று இரண்டு வருஷம் முன்னால் நீயே சொன்னாய். ஆஸ்பத்திரியில் அது ஞாபகம் வந்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. உனக்கு டப்பா வாங்கிக்கொடுத்த கை என் கை. மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே, நிறுத்த வேண்டியது டீயை. நிறுத்தினதும் ஒரு ரத்தப் பரிசோதனை, சோடியமும் பொட்டாசியமும் பார்க்கச் சொல். டாக்டரிடம் இத்தனை மாதம் குடித்தேன் என்று கூச்சப்படாமல் சொல். எனக்கு டீயை விட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் பிரஷர் இறங்கவே ஆரம்பித்தது. இன்று 128க்கு 80, மாத்திரை இல்லாமல்.

உன் அண்ணன் இதயத்துக்கு டைகாக்ஸின் சாப்பிடுகிறார் இல்லையா? அவருக்கு ஒரு வாய்கூடக் கொடுக்காதே. பொட்டாசியம் குறைந்தால் அந்த மருந்தே விஷமாகத் திரும்பும். மருமகளுக்கும் வேண்டாம். கர்ப்ப காலத்தில் நிறையச் சாப்பிட்டவர்களின் பிள்ளைகளைப் பின்லாந்தில் பல வருஷம் கழித்துச் சோதித்துப் பார்த்தபோது, படிப்பு, கவனம் இவற்றில் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்களாம். அங்கே கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். உன் மருமகளிடம் நீ சொன்னால் கேட்க மாட்டாள், நான் சொன்னதாகச் சொல்.

அளவு கேட்பாய், தெரியும். கிளைசிரைசின் நாளொன்றுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய நிபுணர் குழு வைத்த வரம்பு. வேருக்கு வேர் அதன் சத்து மாறும். நூற்றுக்கு நாலு பங்கு என்று குறைவாகவே வைத்துக்கொள், நான் போட்ட பத்துக் கிராமில் 400. எல்லாம் தண்ணீரில் இறங்காது, சரி, ஆனால் சக்கையையும் மென்றேனே! நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறவர்கள் தொண்டைக்காக நாலைந்து நாள் இளசாகக் குடித்தால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் குடிப்பதுதான் வம்பு. ஜெர்மனியில் மூலிகைகளுக்கென்றே இருந்த நிபுணர் குழுகூட, டாக்டரைக் கேட்காமல் நாலு முதல் ஆறு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தது. நம் வயசில் பிரஷர், இதயம், சிறுநீரகம் என்று ஏதாவது ஒன்று இருக்கிறவர்கள் அதைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். வயிற்றுக்காக வேண்டும் என்றால் கிளைசிரைசினை நீக்கிய வகையும் மாத்திரையாக வருகிறது, அதில் இந்தத் தொல்லை குறைவு. எனக்கு அதுவும் வேண்டாம் சாமி.

இன்னொரு முக்கியமான விஷயம். நீ தூங்கப் போகும்முன் குடிக்கிற அந்தப் பை டீ, ‘சர்க்கரையே இல்லை, எப்படித்தான் இனிக்கிறதோ’ என்று அதிசயப்பட்டாயே, எனக்கு அதன்மேல்தான் இப்போது சந்தேகம். இருமல் டீ, செரிமான டீ என்று வருகிற கலவைகளில் இனிப்புக்காகவே இதைச் சேர்க்கிறார்கள். பெட்டியின் முன்னால் துளசி படம்தான் இருக்கும். பின்னால் திருப்பிப் பார், லிக்கரைஸ் என்றோ முலேட்டி, யஷ்டிமது என்றோ கிளைசிரைசா என்றோ இருக்கும், எல்லாம் இதே வேர். வயிறு இளக்குகிற டீ என்றால் நிலாவரை இருக்கிறதா என்றும் பார். அதை விடாமல் குடித்தால் அதுவும் பொட்டாசியத்தைத்தான் கரைக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படி. போடாமல் படித்து என்ன ஆயிற்று என்று நம் இருவருக்கும் ஞாபகம் இருக்கிறது.

நான் இப்போது வெறும் வெந்நீர்தான் குடிக்கிறேன். மூன்று வேளையும், அதே டம்ளரில். சப்பென்று இருக்கிறது. நேற்று மோதிரம் விரலில் தானாகச் சுற்றியது, அதைப் பார்த்துக்கொண்டே பாதியைக் குடித்தேன், பாதியைத் தொட்டியில் ஊற்றினேன்.

டப்பாவை எங்கே போட்டாய் என்று எழுது. அந்தப் பை டீ பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பு. ரத்தப் பரிசோதனை வந்ததும் பொட்டாசியம் எண்ணை மட்டும் முதலில் அனுப்பு, திட்டுவதை அதற்கு அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம்.

உன்
விஜி

பி.கு.: பிரபாவுக்கும் ஒரு கால் கிலோ வாங்கிக் கொடுத்திருந்தேன். போன் செய்து கேட்டேன். ருசி பிடிக்காமல் அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டாளாம். என்னிடம் சொன்னால் வருத்தப்படுவேன் என்று இத்தனை நாள் ‘அருமை, அருமை’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.