டெஸ்ட் பண்ணினவங்க எங்க சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் ஏஐ கட்டுரையில, "புது ப்ராடக்டுக்கு இனி மனுஷங்களை நம்பி உக்காந்திருக்க வேண்டாம், ஹாலிசின் மருந்தை ஏஐயே உருவாக்கிடுச்சு"ன்னு ஒரு வரி. படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. உங்களுக்குத் தெரியாததா சார், ஹாலிசின் ஏற்கெனவே இருந்த மூலக்கூறு, சர்க்கரை நோய்க்கு ஆகுமான்னு பாத்துட்டு ஓரமா வச்சது. அது பாக்டீரியாவைக் கொல்லும்னு 2020-ல அமெரிக்காவுல இருக்கற எம்ஐடி யுனிவர்சிட்டி ஆளுங்களுக்குக் கை காட்டினது ஏஐதான், பெரிய விஷயம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்கு முன்னாடி சுமார் 2,300 மூலக்கூறுகளை லேப்ல ஈ.கோலைங்கற பாக்டீரியா மேல போட்டு, எது கேக்குது எது கேக்கலைன்னு குறிச்சு வச்சது யாரு? அந்த டேட்டாவுலதானே மாடலே படிச்சுச்சு, அது சொன்னதையும் திரும்ப லேப்லதானே சோதிச்சாங்க. அவங்களைப் பத்தி உங்க நிருபர் ஒரு வார்த்தை எழுதல.

நான் பிளாஸ்டிக் மோல்டு, அதாவது அச்சு, ட்ரையல் எடுக்கிற ஆளு. எங்க மேனேஜ்மென்ட்டும் உங்க கட்டுரை மாதிரிதான் பேசும். ஒரு டப்பா மூடிக்கு ஏஐகிட்ட டிசைன் கேட்டாங்க, டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள டஜன் கணக்குல வந்து விழுந்துச்சு, ஸ்கிரீன்ல பாக்க அவ்வளவு அழகு. ஆனா டிராஃப்ட் ஆங்கிளே, அதான் பார்ட் கழண்டு வர்றதுக்கு விடற லேசான சரிவு, இல்ல, பார்ட் மோல்டைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வராது, ஒரு பக்கம் தடிமன் ஜாஸ்தி, ஆறும்போது அங்க சிங்க் மார்க், அதான் குழி, விழும்னு சொன்னேன். "நெகட்டிவா பேசாதீங்க"ன்னாங்க. சரி, கஸ்டமர் என்ன சொல்றாங்கன்னாவது கேளுங்கன்னா, அதையும் ஏஐகிட்டயே கேட்டாங்க சார்! நீ ஒரு வயசான அம்மா, இந்த மூடி எப்படி இருக்குன்னு. ரொம்ப வசதியா இருக்குதாம். அதுக்கென்ன, ஈரக் கையோட திறக்கவா போகுது? கடைசில ராத்திரி உக்காந்து மோல்டைத் திருத்தினது டூல் ரூம்காரங்க, ப்ரெசன்டேஷன்ல பேரு ஏஐக்கு.

உங்களுக்கு இது புதுசும் இல்ல. 3டி பிரிண்டிங் வந்தப்ப இனி ஃபேக்டரியே தேவையில்லைன்னு கவர் ஸ்டோரி போட்டீங்க, ஃபேக்டரி இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அப்ப நான் எழுதின கடிதத்தை நாலு வரியா வெட்டி, ஏதோ நானே பாராட்டின மாதிரி போட்டிருந்தீங்க, அதையும் பொறுத்துக்கிட்டேன். அப்புறம் அந்த நீலக் கலர் ரோபோ படம், எத்தனை வாட்டி சார் அதையே போடுவீங்க? பேட்டன்ட்ல மெஷினைக் கண்டுபிடிப்பாளரா ஏத்துக்க முடியாதுன்னு பிரிட்டன் சுப்ரீம் கோர்ட்டே 2023 டிசம்பர்ல சொல்லிடுச்சு, உங்க தலைப்புல மட்டும் "விஞ்ஞானி ஏஐ". நடத்துங்க.

ஹாலிசின் பத்தி ஒரு சின்னத் திருத்தம் போட்டா போதும். அடுத்த தடவை டெஸ்டிங்ல இருக்கற ஒருத்தர்கிட்டயாவது போன் போட்டுக் கேக்கச் சொல்லுங்க. கடிதத்தை வெட்டறதா இருந்தா மூடி பத்தின பகுதியை மட்டும் வெட்டாதீங்க.

இப்படிக்கு,
உங்க பழைய சந்தாதாரர்