பழைய எம்.எல்.ஏ.வை இன்றைய வரைபடத்தில் தேடினால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'கம்பன் அடிப்பொடி' சா. கணேசன் பற்றிய உங்கள் கட்டுரையில் கம்பன் கழகப் பகுதி நிறைவு. 1939இல் கழகம் தொடங்கியது, பங்குனித் திருநாள், அத்த நட்சத்திரத்தன்று நாட்டரசன்கோட்டையில் முடிப்பது என எதுவும் விடுபடவில்லை. அவருடைய அரசியலுக்குக் கிடைத்ததோ ஒரே பத்தி. அதற்குள்ளும் பிழைகள்.

'சிவகங்கை மாவட்டம் காரைக்குடியிலிருந்து 1962இல் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று காரைக்குடி இருந்தது இராமநாதபுரம் மாவட்டத்தில். மாநிலத்தின் பெயர் சென்னை மாநிலம். சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல், அதுவும் முதலில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரில். வெறும் பெயர்தானே என்று விட முடியாது. பழைய அரசிதழையும் மாவட்டக் கோப்புகளையும் சிவகங்கை என்று புரட்டுகிறவருக்கு ஒரு தாளும் கிடைக்காது. இராயவரம், பொன்னமராவதிப் பக்கம் இன்னும் சிக்கல்: 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம், பிறகு திருச்சி மாவட்டம், 1974 முதல் புதுக்கோட்டை மாவட்டம். சமஸ்தானத்து ஊர்கள் 1937, 1946 மாகாணத் தேர்தல்களில் சேரவே இல்லை. அங்கே வேட்பாளரைத் தேடி ஏமாந்தவர்கள் உண்டு.

அடுத்தது கட்சி. அவர் 1962இல் வென்றது சுதந்திராக் கட்சியின் நட்சத்திரச் சின்னத்தில். நீங்கள் காங்கிரஸ் என்று போட்டுவிட்டீர்கள். விடுதலைப் போராட்டத்துக் காங்கிரஸ்காரர் என்பதால் வந்த தடுமாற்றம் என்று புரிகிறது. ஆனால் 1959இல் ராஜாஜி தொடங்கிய அந்தக் கட்சி 1962இல் மாநிலத்தில் மொத்தம் 206 இடங்களில் பிடித்ததே ஆறுதான். ஆறில் ஒன்று காரைக்குடி என்பது செய்தியில்லையா? 1967இல் தி.மு.க. கூட்டணியில் நின்று அதே கட்சி இங்கே மறுபடி வென்றது. அப்போது வென்றவர் வேறு ஆள். இரண்டையும் ஒருவர் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

'பின்னர் மீண்டும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு மேலவைக்கு' என்ற வரியும் தவறு. மேலவை என்பது சட்டமன்றத்தின் இரண்டாவது அவை; பொது வாக்காளர் அதற்கு ஓட்டுப் போட்டதில்லை. எம்.எல்.ஏ.க்கள், உள்ளாட்சி உறுப்பினர்கள், பட்டதாரிகள், ஆசிரியர்கள் எனத் தனித்தனிப் பிரிவினர் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதி ஆளுநர் நியமனம். பதவிக்காலம் ஆறு ஆண்டு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு. அதனால் மேலவை ஆண்டுகள் பேரவையின் ஐந்தாண்டுக் கணக்கோடு ஒட்டாது. 1986 நவம்பரில் மேலவையே போய்விட்டது.

பெட்டிச் செய்தியில் அவரை 'எஸ். கணேசன்' ஆக்கியது ஆங்கிலத்தில் எடுத்துத் தமிழில் திருப்பியதன் விளைவு. எங்கள் பக்கம் விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் வரும் முதலெழுத்து, வெறும் ஓரெழுத்து இல்லை. 'சா' என்பதை 'எஸ்' ஆக்கினால் ஆளே மாறிப்போவார். பெயரை முதலில் தமிழ் மூலத்தில் பார்த்துவிட்டு, பிறகுதான் தேர்தல் ஆணையத்தின் ஆங்கில அறிக்கையைத் திறக்க வேண்டும். அந்த அறிக்கையில் ஆண்டு, தொகுதி எண், கட்சி மூன்றும் ஒத்துப்போனால்தான் நம்பலாம். தொகுதி எல்லைகளைத் திருத்தும் ஒவ்வொரு மறுசீரமைப்பிலும் எண்ணும் மாறும். 2011 முதல் காரைக்குடி 184, நம் திருப்பத்தூர் 185. வடக்கே இன்னொரு திருப்பத்தூர் 50. பெயரை மட்டும் பார்த்து எடுத்தால் வாணியம்பாடிப் பக்கத்து ஆள் பிள்ளையார்பட்டிக்கு எம்.எல்.ஏ. ஆகிவிடுவார்.

கட்சிப் பதவிக்கும் ஒரு சொல். காங்கிரஸ் மரபில் மாவட்டத் தலைவர்தான் பெரியவர். திராவிடக் கட்சிகளில் அதிகாரம் மாவட்டச் செயலாளரிடம். அவைத்தலைவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர். தி.மு.க.வில் 1969 வரை தலைவர் நாற்காலியே காலி, பொதுச்செயலாளர்தான் எல்லாம். அந்த 'மாவட்டம்' கூட கட்சி தன் வசதிக்குப் பிரித்தது. கலெக்டரின் மாவட்டத்தோடு பொருந்த வேண்டும் என்பதில்லை. எந்தக் கட்சி, எந்த ஆண்டு என்று சொல்லாமல் 'மாவட்டச் செயலாளராக உயர்ந்தார்' என்று எழுதினால், உயர்ந்தாரா இறங்கினாரா என்றே தெரியாது.

அடுத்த இதழில் திருத்தம் போடும்போது 1962, சுதந்திராக் கட்சி, இராமநாதபுரம் மாவட்டம் என்ற மூன்றையும் ஒரே வரியில் போடுங்கள். சட்டையில்லாமல் துண்டோடு இருக்கும் அந்தப் படம் மட்டும் அப்படியே இருக்கட்டும், அதில் பிழையில்லை.

இப்படிக்கு,
வாசகர், கோட்டையூர்