சாவி ரிசப்ஷனில், பழி காவலாளி மேல்

நீலகிரியில் கம்பெனிக் கூட்டங்களுக்கு அறை வாடகைக்கு விடும் விடுதி, பங்களா உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

குன்னூர்ப் பக்கம் ஒரு விடுதியில் போன மாதம் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மேசைக்கு அடியில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் சிம் போட்ட ஒட்டுக்கேட்புக் கருவி. கூட்டத்தின் மூன்றாம் நாள்தான் அது கண்ணில் பட்டது. அன்று மதியமே கேட்டில் நின்ற இரவுக் காவலாளியை யூனிஃபார்மைக் கழற்றச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. யாருக்கு வேலை போனது என்பது மட்டும் தெரியும்.

கூட்ட அறைகளில் ஒட்டுக்கேட்புக் கருவி இருக்கிறதா என்று தேடும் சோதனைக் குழு நாங்கள். கேட்பது ஒன்றுதான். கூட்டம் தொடங்க 24 மணி நேரம் முன்பே அறையைச் சோதனைக் குழுவிடம் ஒப்படையுங்கள். அதன் பிறகு அந்த அறையின் எல்லாச் சாவிகளும், உங்கள் மாஸ்டர் சாவி உட்பட, கூட்டம் முடியும்வரை கதவருகே நிற்கும் காவலாளியிடம் இருக்கட்டும்.

இப்போது என்ன நடக்கிறது? ஒன்பது மணிக் கூட்டத்துக்குக் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டு, "ரெண்டு மணி நேரம் போதும்ல சார்?" என்கிறீர்கள். போதாது. 30-க்கு 20 அடி, 12 அடி உயரம் என்று ஒரு சாதாரண அறையை எடுத்துக்கொள்ளுங்கள். தரை 600 சதுர அடி, கூரை 600, நான்கு சுவரும் சேர்த்து 1,200. ஆக 2,400 சதுர அடி. இரண்டு மணி நேரத்தில் முடிக்க நிமிடத்துக்கு 20 சதுர அடி போக வேண்டும். அதுவும் ஒரு சுவிட்ச் போர்டைக்கூடத் திறக்காமல், ஒரு நாற்காலியைக்கூடக் கவிழ்த்துப் பார்க்காமல்.

உங்கள் பழைய பங்களாக்களின் பலகைத் தரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அணைந்து கிடக்கும் ரெக்கார்டரையும் கண்டுபிடிக்க நாங்கள் நான்-லீனியர் ஜங்ஷன் டிடெக்டரை நம்பியிருக்கிறோம். கம்பு நுனியில் தட்டு வைத்த கருவி அது. ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்கும். சிப்பும் டையோடும் இருக்கும் இடத்தில் அனுப்பிய அலையின் இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் வரும் பதில் பலமாக இருக்கும். இரண்டு உலோகங்கள் உரசித் துருவேறிய இடத்தில் மூன்று மடங்கில் வரும் பதில் பலமாக இருக்கும். புதுக் கட்டடத்தில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். இங்கே வருஷத்தில் பாதி நாள் மூடுபனி, மீதி நாள் மழை. பலகைக்குப் பலகை துருப்பிடித்த ஆணி, மேலே தகரக் கூரை, நடுவே யாரோ எப்போதோ கைவிட்ட ஒயர். அடிக்கு ஒரு முறை கருவி கத்தும். கத்துகிற ஒவ்வொரு இடத்திலும் நின்று இரண்டு அளவையும் ஒப்பிட வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும். துரு என்றால் தட்டும்போது சிக்னல் குதிக்கும். சிப் என்றால் அசையாது. அப்படி நூறு ஆணிகளைத் தட்டிப் பார்க்கும்போது, "இன்னும் முடியலையா? டேபிள் போடணும்" என்று உங்கள் பேங்க்வெட் ஆள் வாசலில் நிற்கிறார். நூற்றொன்றாவது சத்தத்தை ஆணி என்று நினைத்துத் தாண்டிப்போவது அந்த நேரத்தில்தான்.

சரி, கருவி உயிரோடு இருந்தால், சுற்றியுள்ள ரேடியோ அலைகளைக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், அது பேசினால். சிம் போட்ட கருவி யாராவது அழைக்கும்வரை சும்மா கிடக்கும். எப்போதாவது ஒரு முறை டவரிடம் "இருக்கிறேன்" என்று சொல்லும். அந்த இடைவெளி மணிக்கணக்கில்கூட இருக்கலாம். டவர் சரியாக எட்டாத சரிவில் அது முழு பலத்தோடு கத்த வேண்டியிருப்பது எங்களுக்குச் சாதகம்தான். ஆனால் கத்தும்போது நாங்கள் அறையில் இருக்க வேண்டுமே. குரல் கேட்டால் விழிக்கும் ரகம் உண்டு. அதற்காக வானொலியைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பகலில் பதிந்து நள்ளிரவில் அனுப்பும் ரகமும் உண்டு. அதற்கு ஓர் இரவு முழுக்க அறையில் இருந்தாக வேண்டும். வெப்பக் கேமராவுக்கோ சுவர் குளிர்ந்திருக்க வேண்டும். ஊட்டி விடியற்காலையைவிட நல்ல நேரம் அதற்குக் கிடைக்காது. பலகைக்குப் பின்னால் ஓடும் சர்க்யூட் ஒன்றிரண்டு டிகிரி சூட்டில் பளிச்சென்று தெரியும். ஆனால் விருந்தாளிக்குக் குளிருமே என்று ஐந்து மணிக்கே ஹீட்டரைப் போட்டுவிடுகிறீர்கள். முடிந்தது கதை.

போகிற போக்கில் இரண்டு விஷயம். உங்கள் பழைய அனலாக் கார்ட்லெஸ் மைக்கின் பேச்சை, அதே அலைவரிசையில் ரிசீவர் வைத்திருக்கும் எவரும் கார் பார்க்கிங்கில் உட்கார்ந்தபடியே கேட்கலாம். ஒயர் மைக் கொடுங்கள். அடுத்தது கணப்பு. சில பங்களாக்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு அறைகளுக்கும் ஒரே புகைபோக்கிச் சுவர். பக்கத்து அறையில் கணப்போரம் உட்கார்ந்தால் போதும், பேச்சு காதில் விழும், கருவியே வேண்டாம். அந்த அறையையும் சேர்த்துப் பூட்டுங்கள்.

சோதனை முடிந்ததும் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலைக்கும் தட்டுக்கும் குறுக்கே புற ஊதா மையால் கோடு போட்டுப் படம் எடுக்கிறோம்; யாராவது திறந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். கதவில் எண் போட்ட சீல் ஒட்டுகிறோம். இத்தனையும் செய்த பிறகு சாவி எங்கே போகிறது? ரிசப்ஷன் ஆணிக்கு. 2015 பிப்ரவரியில் டெல்லி சாஸ்திரி பவனில் பெட்ரோலிய அமைச்சக ஆவணங்கள் கசிந்த வழக்கில் போலீஸ் சொன்னதும் இதுதான்: போலி அடையாள அட்டை, மாற்றுச் சாவி, ஜெராக்ஸ். ஒரு மத்திய அமைச்சகத்துக்குள் நுழைய அது போதுமென்றால், உங்கள் ரிசப்ஷனைத் தாண்ட எவ்வளவு வேண்டும்? கசிந்த பிறகு வழக்குப் போடலாமே என்றால், வணிக ரகசியத்துக்கென்று இந்த நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. சட்ட ஆணையம் தன் 289-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்ததே 2024-இல்தான்.

இ-பாஸ் இல்லாத காரைக் கல்லாறில் மறித்துத் திருப்பி அனுப்பும் மலை இது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அபராதம் போடும் மலை. ஆனால் கோடிக்கணக்கில் பேரம் பேசப்படும் அறைக்குள் பூக்காரர், புரொஜெக்டர்காரர், டீ ஃப்ளாஸ்க் மாற்றுபவர் யாரும் பெயர் எழுதாமல் போய்வரலாம். கேட்டால், "ஜாமர் போட்டுடுங்க சார், பிரச்சினையே இல்ல" என்று யோசனை வேறு. செல்போன் சிக்னலை முடக்கும் ஜாமரைத் தனியார் வைப்பது இந்தியாவில் சட்டவிரோதம் என்பதை மரியாதையுடன் மீண்டும் தெரிவித்துக்கொள்கிறோம். அப்படியே போட்டாலும் ரெக்கார்டர் பாட்டுக்குப் பதிந்துகொண்டுதான் இருக்கும்.

காவலாளி விஷயத்துக்கு வருவோம். தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005 அவரைத்தான் பிடித்துவைத்திருக்கிறது. மாதிரி விதிகளின்படி 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி. வேலையில் தெரிந்துகொண்டதை வெளியே சொல்லக் கூடாது என்று 18-ஆவது பிரிவு. புரொஜெக்டர்காரருக்கு இப்படி ஒரு வரிகூடக் கிடையாது. ஜனவரி உறைபனியில் தகரக் கூண்டில் பன்னிரண்டு மணி நேரம், கேட்டுக்கு வெளியே காட்டுமாடு, கையில் ஒரு டார்ச். குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமலே ஆளை முடித்துவிடும் என்று அவரிடம் எச்சரிக்கவும் யாரும் இல்லை. ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றைக் கழற்றியாவது அந்தக் கூண்டுக்கு ஓர் எலக்ட்ரிக் ஹீட்டர் வாங்கியிருக்கலாம்.

மன்னிக்கவும், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. உங்கள் வருமானத்தைக் குறைக்க நாங்கள் வரவில்லை. அந்த 24 மணி நேரத்துக்கான அறை வாடகையைக் கூட்டம் நடத்தும் கம்பெனியின் பில்லிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், நீங்கள் கேட்பதில்லை. வரும் சீசனுக்கான முன்பதிவுகளிலிருந்தாவது, அறையை ஒரு நாள் முன்னதாக ஒப்படைப்பதையும் சாவி முழுவதும் காவலாளியிடம் இருப்பதையும் ஒப்பந்தத்தில் எழுதித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குன்னூரிலிருந்து ஒரு சோதனைக் குழுவினர்

பி.கு.: வேலையிலிருந்து அனுப்பப்பட்டவர் எழுதிய கேட் பதிவேடு இன்னும் அந்த விடுதியில்தான் இருக்கிறது. கூட்டத்தின் முதல் நாள் இரவு 9.40-க்குப் பல்பு மாற்ற வந்த புரொஜெக்டர் வேனின் எண், உள்ளே எடுத்துப்போன பொருள்கள், அதில் "எக்ஸ்டென்சன் பாக்ஸ் - 1", வெளியேறிய நேரம் 11.05, எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கிறது. அந்த வேனில் வந்தவர்தான் வைத்தார் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருங்கள். அவருடைய பாக்கிச் சம்பளத்தையும் தயவுசெய்து கொடுத்துவிடுங்கள்.