பேத்தி வாசிக்க ஒரு கடிதம்

பாளையங்கோட்டை,
21-12-2024.

அன்புள்ள மாப்பிள்ளை,

கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று உன் மகன் சொன்னான். பத்து நாளைக்குப் பேப்பரும் கூடாது, டி.வி.யும் கூடாது என்று டாக்டர் கட்டளையாமே. பேப்பர் வாசித்து முடித்த பிறகே பல் துலக்கும் ஆளுக்கு இது சிறைத் தண்டனைதான். அதனால் இந்த ஒன்றரை வாரச் சங்கதியை நானே எழுதுகிறேன். பேத்தியை வாசிக்கச் சொல். செய்தியோடு என் அபிப்பிராயமும் கலந்துதான் வரும். பிரித்துத் தர எனக்குத் தெரியாது.

12ஆம் தேதி இங்கே பேய்மழை. போன டிசம்பர் வெள்ளத்தில் பட்ட பாடு மறக்கவில்லையே, அரிசி மூட்டையையும் பத்திரங்களையும் பரணில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மின்சாரம் கிடையாது. செல்போனில் மிச்சமிருந்த சார்ஜில் சிங்கப்பூர் உலக சாம்பியன் சதுரங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் சென்னைப் பையன் குகேஷும் சீனாவின் நடப்பு சாம்பியன் டிங் லிரெனும். பதினான்காவது, கடைசி ஆட்டம். இருவருக்கும் தலா ஆறரைப் புள்ளி. டிங் லிரெனுக்கு வெள்ளைக் காய். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம் இருந்தும், இது டிராவில்தான் முடியும், மறுநாள் விரைவு ஆட்டங்களில் டிங்கின் கைதான் ஓங்கும் என்று வர்ணனையாளர்கள் ஏறக்குறைய முடிவே கட்டிவிட்டார்கள்.

55ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். யானைக்கு யானை வெட்டிக்கொண்டால் தொல்லை தீரும் என்று நினைத்திருப்பார். தன் மந்திரி ஏ8 மூலையில் முடங்கிக் கிடப்பதை அந்த நொடியில் மறந்துவிட்டார். யானைகள் போனதும் குகேஷின் மந்திரி எதிரே வந்து நின்றால், மந்திரிகளும் வெட்டுப்பட்டே தீரும். மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும். அந்த நிலையில் ஒரு சிப்பாய் கூடுதல் என்றால் போதும், நாம் இருவர் ஆடினால்கூட ஜெயித்துவிடலாம். பையன் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். மூன்றே நகர்த்தல்கள், டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்துவிட்டார். பதினெட்டு வயதில் உலக சாம்பியன்! காஸ்பரோவ் 1985இல் பட்டம் வென்றபோது அவருக்கு 22.

அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் எனக்கு முக்கியம். முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பிறகு கலைந்து கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றுக்குரிய கட்டங்களில் அடுக்கி வைத்தான். கல்லூரி விடுதியில் தோற்றால் பலகையையே கவிழ்த்துவிட்டுப் போவாயே, ஞாபகம் இருக்கிறதா?

இனி நம்மவர்களின் கூத்தைக் கேள். ஆட்டம் முடிந்த சூடு ஆறுவதற்குள் பையன் தெலுங்கனா தமிழனா என்று பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. ஆந்திர முதல்வர் 'நம் தெலுங்குப் பிள்ளை' என்று வாழ்த்த, இங்கே சென்னைப் பிள்ளை என்று மறுப்பு. தமிழக அரசு ஐந்து கோடி ரூபாய் அறிவித்து, 17ஆம் தேதி கலைவாணர் அரங்கில் விழா எடுத்துக் கொடுத்தும்விட்டது. கொடுத்தது சரிதான், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் காது மூக்கு தொண்டை மருத்துவரான அப்பா தன் தொழிலை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போட்டிகளுக்கு அழைத்துப் போனாரே, அம்மாவின் சம்பளத்தில் குடும்பம் ஓடியதே, அந்த நாட்களில் பங்கு கேட்டு யாரும் வரவில்லை.

முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக் வேறு, இத்தகைய சிறுபிள்ளைத் தவறால் பட்டம் முடிவாவதா என்று அங்கலாய்த்தார். 2006இல் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் என்ற கணினியோடு ஆடி, அடுத்த நகர்த்தலிலேயே மேட் ஆகப்போவதைக் காணாமல் விட்டவர் இதே கிராம்னிக்தான்! ஒரு சிப்பாய் குறைவாக மூச்சுப் பிடித்து உட்கார்ந்தவனுக்குத்தான் அந்தக் களைப்பு தெரியும். டிங் இந்தப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே மனச்சோர்வில் கிடந்து மீண்டவர். ஒன்றரை வருஷமாக எல்லோரும் அவர் தீர்ந்துவிட்டார் என்றார்கள். மனிதர் கடைசி ஆட்டம் வரை இழுத்தார். குகேஷும் அவரை உண்மையான சாம்பியன் என்று மேடையிலேயே சொன்னான். அன்று ராத்திரி எனக்கு நினைவெல்லாம் டிங் மேல்தான் இருந்தது.

அஸ்வின் விஷயம் உனக்கு வருத்தம் தரும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். 18ஆம் தேதி பிரிஸ்பேன் டெஸ்ட் மழையால் டிராவானதும், ரோஹித் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஓய்வு பெறுகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். தொடர் பாதியில் நிற்கிறது. 106 டெஸ்ட், 537 விக்கெட். இந்தியர்களில் கும்ப்ளே மட்டும்தான் மேலே. மறுநாள் காலை சென்னை வீட்டில் மாலையும் மேளமுமாக இருந்தது. மகனை அவமானப்படுத்தினார்கள், எத்தனை நாள் பொறுப்பான் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட, நாடே பதறியது. அப்பாவுக்குப் பேட்டி கொடுத்துப் பழக்கமில்லை, விட்டுவிடுங்கள் என்று மகன் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

எனக்கென்னவோ அப்பா சொன்னதில் பிழை தெரியவில்லை. 2021 இங்கிலாந்துத் தொடரில் ஆடிய நாலு டெஸ்டிலும் வெளியே உட்கார வைத்தார்கள். 2023இல் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருக்கும்போதே ஓவலில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் இடமில்லை என்றார்கள். இந்த முறை மூன்று டெஸ்டில் ஒன்று கிடைத்தது. சிட்னியில் 2021 ஜனவரியில் முதுகைப் பிடித்துக்கொண்டு 128 பந்து நின்றாரே, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றபடியே காத்திருந்தாரே, அந்த மனிதரைத்தான் சொல்கிறேன்.

அரசியலுக்கு வருகிறேன். ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை 17ஆம் தேதி மக்களவையில் கொண்டுவந்தார்கள். அறிமுகத்துக்கு ஆதரவு 269, எதிர்ப்பு 198. அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கையில் இல்லை. நேற்று கூட்டுக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். செலவு மிச்சம் என்கிறார்கள். எனக்கு 1980தான் ஞாபகம் வருகிறது. ஜனவரியில் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் சேர்ந்து 39இல் 37 இடங்களை அள்ளின. எம்.ஜி.ஆர். கதை முடிந்தது என்று அடுத்த மாதமே ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதம் அதே ஜனங்கள் அதே வாக்குச்சாவடிக்குப் போய் அவரை மறுபடி முதல்வராக்கினார்கள். அப்போது இருபத்தொரு வயது ஆகாததால் நமக்கு ஓட்டில்லை; நீ இரட்டை இலைக்கும் நான் உதயசூரியனுக்கும் ஒரே வாளிச் சுண்ணாம்பில் சுவர் எழுதினோம். டெல்லிக்கு ஒருவர், கோட்டைக்கு ஒருவர் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஜனம் அது. இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் அந்த யோசனைக்கு அவகாசம் ஏது? இது இருக்க, 14ஆம் தேதி ஈ.வி.கே.எஸ். இளங்கோவன் காலமானார். மகன் மறைந்து இடைத்தேர்தலில் வந்தவர். ஈரோடு கிழக்கில் இனி இன்னொரு இடைத்தேர்தல். யமனுக்கு எந்தத் தேர்தல் அட்டவணை?

அம்பேத்கர் பெயரை வைத்து அமித் ஷா பேசிய பேச்சால் நாடாளுமன்ற வாசலில் தள்ளுமுள்ளு, இரண்டு எம்.பி.க்களுக்குத் தலையில் அடி, ராகுல் மீது வழக்கு. விடுதி மெஸ்ஸில் இதைவிட நாகரிகமாகச் சண்டை போட்டோம்.

சினிமாச் செய்தி இல்லாமல் உன் வீட்டம்மா என்னை மன்னிக்க மாட்டார்கள். ஹைதராபாத்தில் 4ஆம் தேதி இரவு அல்லு அர்ஜுன் தியேட்டருக்கு வந்த நெரிசலில் ஒரு பெண் இறந்தார், அவர் மகன் உயிருக்குப் போராடுகிறான். 13ஆம் தேதி நடிகரைக் கைது செய்தார்கள், அன்றே உயர் நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது, ஒரு ராத்திரி மட்டும் சிறை. மறுநாள் திரையுலகமே அவர் வீட்டுக்குப் படையெடுத்து ஆறுதல் சொன்னது. ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று வழி தெரியவில்லை போலும். கைது சரியா என்று நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த வரிசையாக நின்ற கார்கள்தான் உறுத்துகின்றன.

ஜாகிர் உசேனும் போய்விட்டார், 73 வயது. உயிர் பிரியும் முன்பே ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சேனல்கள் அவரைச் சாகடித்து, குடும்பத்தார் மறுத்து, திங்கள் காலையில் மெய்யாகவே செய்தி வந்தது. சில மணி நேரம் முந்திக்கொண்டு இவர்களுக்கு என்ன கிடைத்தது? சக்தி குழுவில் அவர் தபலாவும் விக்கு விநாயகராமின் கடமும் பேசிக்கொள்வதை டேப்பில் தேயத் தேயக் கேட்டோமே. அந்த டேப் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓடுமா என்று பார்க்க வேண்டும்.

நம்மூர்ச் செய்தி நல்லதாக இல்லை. நடுக்கல்லூர்ப் பக்கம் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எடுத்துப் போகச் சொல்லிப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு. நேற்றுக் காலை மாவட்ட நீதிமன்ற வாசலிலேயே ஒருவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். நான் காய்கறி வாங்கப் போகும் பாதை அது. அதைப் பற்றி இப்போது எழுத மனமில்லை.

சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு, கண்ணைக் கசக்காதே. நம் தபால் ஆட்டத்தில் என் அடுத்த நகர்த்தல்: குதிரையை ஈ5 கட்டத்தில் வைக்கிறேன். பதில் நகர்த்தலைப் பேத்தியிடம் கேட்டுச் சொல்லாதே. அவள் சதுரங்க வகுப்புக்குப் போகிறாள் என்று எனக்குத் தெரியும்.

உன் பழைய அறைத்தோழன்