அந்தப் படத்தின் கீழே ஒரு வரி

ரஷ்ய வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்கும், பாடநூல் எழுதுவோருக்கும் வணக்கம்.

பெத்ரோகிராத் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நகரின் குளிர்கால அரண்மனையை நோக்கி ஒரு கூட்டம் பாய்ந்தோடும் கறுப்பு வெள்ளைப் படம் உங்களுக்குத் தெரியும். 1917 புரட்சி என்று போட்டுப் பல புத்தகங்களில் வந்த படம். நானும் அதை வகுப்பில் காட்டி நடத்தியவன். உண்மையில் அது, புரட்சியின் மூன்றாம் ஆண்டு விழாவுக்காக 1920 நவம்பரில் அதே அரண்மனைச் சதுக்கத்தில் நாடக இயக்குநர் எவ்ரெய்னோவ் ஆயிரக்கணக்கானோரை வைத்து நடத்திய நாடகம். வேடிக்கை பார்த்தவர்களையும் இயக்குநரின் மேடையையும் படத்திலிருந்து அழித்துவிட்டு, அதைச் சான்றாக்கிவிட்டார்கள்.

1917இல் லெனினின் போல்ஷெவிக் கட்சி இடைக்கால அரசாங்கத்தைக் கவிழ்த்த இரவில் அரண்மனைக் காவலில் இருந்தவர்கள் ராணுவப் பயிற்சி மாணவர்களும், பெண்கள் படையில் ஒரு பிரிவும், கொஞ்சம் கோசாக் குதிரைப்படையினரும். அதிலும் பலர் முன்பே கிளம்பிப் போய்விட்டார்கள். புரட்சியாளர்கள் பக்கம் நின்ற அவ்ரோரா போர்க்கப்பல் சுட்டது வெற்று வேட்டு. சிறு உணவறையில் உட்கார்ந்திருந்த இடைக்கால அரசாங்க அமைச்சர்களைக் கைது செய்தபோது மணி இரண்டு தாண்டியிருந்தது. ஓர் அரசாங்கத்துக்காகச் சண்டை போட ஏன் ஆளில்லாமல் போனது? நடந்தது புரட்சியா, ஆட்சிக்கவிழ்ப்பா? அறிஞர்கள் இன்றும் மோதிக்கொள்ளும் இடம் இது. படத்தை அப்படியே நம்பிய பிள்ளைக்கு இந்தக் கேள்வி எழவே எழாது.

இரண்டாம் உலகப் போரில் தளபதி பன்ஃபீலவின் டிவிஷனில் இருந்த வீரர்கள் கதையும் இப்படித்தான். 1941 நவம்பர் 16 அன்று மாஸ்கோவுக்கு அருகே துபசேகவாவில் 28 பேர் ஜெர்மன் டாங்கிகளை மறித்து, ஒருவர் மிஞ்சாமல் மடிந்தார்கள் என்று ராணுவப் பத்திரிகை எழுதியது. அவர்களில் சிலர் உயிரோடு இருந்தார்கள். பத்திரிகைக்காரர்களின் கற்பனை அது என்று 1948லேயே ராணுவ வழக்கறிஞர் விசாரித்து எழுதிவிட்டார். அந்த அறிக்கையை ரஷ்ய அரசு ஆவணக் காப்பகம் 2015இல் பொதுவில் வைத்ததும் எத்தனை கோபம்! எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் மாஸ்கோவுக்கு முன்னால் அந்த டிவிஷன் உண்மையாகவே ரத்தம் சிந்தியது. பேர் தெரியாமல் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 28 என்ற எண் மறைப்பது அவர்களைத்தான்.

பொய் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டும் போகாதீர்கள். யார் எழுதியது, எப்போது, எதிரி எவ்வளவு பக்கத்தில் வந்திருந்தான் என்று சேர்த்து நடத்துங்கள். 1988இல் சோவியத் பள்ளிகளில் வரலாற்று இறுதித் தேர்வையே ரத்து செய்தார்கள். பாடநூலை நம்பிக் கேள்வி கேட்க முடியாத நிலை. அந்த வருடம் படித்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

அடுத்த பதிப்பில் அந்தப் படத்தை எடுக்க வேண்டாம். கீழே ‘1920இல் நடந்த நாடகம்’ என்று மட்டும் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்