கடன்பட்ட கிழவரை விட்டுவிட்டீர்களே!

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பண்டைய கிரேக்க நகைச்சுவை நாடகங்கள் தத்துவஞானிகளை எப்படிக் காட்டின என்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். சாக்ரடீஸ் என்றதும் விஷக் கோப்பையை மட்டுமே நினைத்துக்கொள்ளும் நமக்கு, கூடையில் உட்கார்ந்து அந்தரத்தில் ஊஞ்சலாடும் சாக்ரடீஸை அறிமுகப்படுத்தியதற்காகவே கட்டுரையாளரைப் பாராட்டலாம். ஆனால் அவர் கடைசியில் வந்து சேரும் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. நகைச்சுவைக் கவிஞர் அரிஸ்டோஃபனீஸ் ‘மேகங்கள்’ நாடகத்தில் சாக்ரடீஸைக் கேலி செய்தார், ஏதென்ஸ் மக்கள் அதை நம்பிவிட்டார்கள், அதனால் சாக்ரடீஸ் உயிரை விட்டார் என்று ஒரே கோடாக இழுத்துவிட்டார். நாடகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தால் அந்தக் கோடு அவ்வளவு நேராகப் போகாது. அதில் வசமாக மாட்டிக்கொண்டு உதை வாங்குகிறவர் வேறொருவர். அவர் பெயர்கூடக் கட்டுரையில் வரவில்லை.

அவர் பெயர் ஸ்ட்ரெப்சியடீஸ். நாட்டுப்புறத்துக் கிழவர். பெரிய இடத்தில் பெண் எடுத்தவர். மகன் ஃபெய்டிப்பிடீஸுக்குக் குதிரைப் பித்து. தூக்கத்திலும் தேரோட்டுவது பற்றித்தான் உளறுகிறான். குதிரைக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரிக்க, உறக்கம் வராமல் அப்பா புரள்வதில்தான் நாடகம் தொடங்குகிறது. அருகிலேயே சாக்ரடீஸின் சிந்தனைக்கூடம் இருக்கிறது. நியாயம் நம் பக்கம் இல்லாவிட்டாலும் வழக்கில் ஜெயிக்கும் பேச்சை அங்கே காசுக்குக் கற்றுத்தருவதாகக் கிழவர் கேள்விப்பட்டிருக்கிறார். அதைக் கற்றுக்கொண்டால் கடன் கொடுத்தவர்களுக்கு ஒரு காசும் தர வேண்டாம். இது ஒன்றுதான் அவர் கணக்கு. அறிவுத் தாகம் கிடையாது, கடவுள் சந்தேகம் கிடையாது.

தெள்ளுப்பூச்சி குதிக்கும் தூரத்தை மெழுகுச் செருப்பு செய்து அளந்தது, கொசுவின் ரீங்காரம் வாய்வழியா பின்வழியா என்று ஆராய்ந்தது, நிலாவைப் பார்க்க வாயைப் பிளந்து நின்ற சாக்ரடீஸ் மேல் பல்லி எச்சமிட்டது ஆகியவற்றைக் கட்டுரையாளர் சொல்லிவிட்டார். சிரிப்பு வரவழைக்கும் இடங்கள்தான். ஆனால் நாடகத்தின் உச்சமான கோமாளித்தனம் கிழவருடையது. மூட்டைப்பூச்சி கடிக்கும் படுக்கையில் போர்த்திப் படுத்துச் சொந்தமாக யோசிக்கச் சொல்கிறார் சாக்ரடீஸ். அவர் யோசித்துச் சொல்வது இது: தெஸ்ஸலி நாட்டு மந்திரக்காரி ஒருத்தியை விலைக்கு வாங்கி, ராத்திரியில் நிலாவை இறக்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஏன்? வட்டியை மாதக் கணக்கில்தானே கேட்கிறார்கள்! நிலா எழாவிட்டால் மாதம் பிறக்காது, வட்டியும் ஏறாது. இந்தக் காட்சியை எழுதியவருக்கு வானியலைவிட வட்டிக்கடைக்குப் பயந்து நடக்கும் மனிதனைத்தான் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இடியும் மின்னலும் பற்றிய உரையாடலையும் கவனிக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்பவர்களைக் கடவுள்களின் தலைவர் ஜீயஸ் மின்னலால் தாக்குகிறார் என்கிறார் கிழவர். அப்படியானால் ஊரறிந்த பொய்யர்களை விட்டுவிட்டுத் தன்னுடைய கோயிலையும் சூனியன் என்ற கடல்முனையையும் ஓக் மரங்களையும் ஏன் தாக்குகிறார், ஓக் மரமா பொய்ச் சத்தியம் செய்தது என்று கேட்கிறார் சாக்ரடீஸ். இது முட்டாளின் வாயில் வைக்கும் பேச்சா? கேலி செய்ய வந்த கவிஞர், கேலிக்குரியவருக்கு நல்ல வாதம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதைப் பிடித்துக்கொள்ளத் தெரியாமல் தவிப்பது கிழவர்தான்.

மறதி மன்னனான அவரைச் சாக்ரடீஸ் விரட்டிவிட, மகனை அனுப்புகிறார். மகன் நன்றாகவே தேறிவிடுகிறான். சின்ன வயதில் என் நன்மைக்காக என்னை அடித்தாயே, முதுமை என்பது இரண்டாம் குழந்தைப் பருவம், ஆகவே உன் நன்மைக்காக நான் உன்னை அடிக்கிறேன் என்று தகப்பனையே உதைக்கிறான். அடுத்து அம்மாவையும் அடிப்பது சரியே என்று நிரூபிக்கத் தயாராகிறான். கிழவர், நாடகத்தில் பாடற்குழுவாக வரும் மேகத் தெய்வங்களிடம் போய் அழுகிறார். நாடகத்தின் திறவுகோல் அவை தரும் பதிலில் இருக்கிறது. கேட்டைத் தேடிப் போனது நீதான், கெட்ட வழியில் ஆசை வைப்பவனை இப்படித்தான் இழுத்துப் போய்ப் பள்ளத்தில் தள்ளுவோம், அப்போதுதான் தெய்வத்துக்கு அஞ்சக் கற்பான் என்கின்றன. கிழவரும் ஒப்புக்கொள்கிறார்: கடுமையான பேச்சு, ஆனால் நியாயம், வாங்கிய கடனைத் திருப்பித் தராமல் ஏய்க்க நினைத்திருக்கக் கூடாது. தத்துவஞானியைத் தாக்குவது மட்டுமே கவிஞரின் நோக்கம் என்றால் இந்த இடம் எதற்கு?

கடைசியில் கிழவர் வைக்கும் தீயில் சிந்தனைக்கூடம் எரிகிறதே என்று கட்டுரையாளர் கேட்பார். அந்தத் தீயில், சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்த கி.மு. 399-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வெளிச்சத்தையே பார்த்துவிட்டார் அவர். இதில் இரண்டு செய்திகள் அவர் கண்ணில் படவில்லை. கி.மு. 423-இல் டயோனிசியா விழாவின் நாடகப் போட்டியில் ‘மேகங்கள்’ அரங்கேறி மூன்றாம் இடத்தையே பெற்றது. போட்டியில் இருந்தவை மூன்று நாடகங்கள், அதாவது கடைசி இடம். பிறகு அரிஸ்டோஃபனீஸ் அதைத் திருத்தி எழுதினார். நமக்குக் கிடைத்திருப்பது திருத்திய பிரதி, அது மேடையேறவே இல்லை. நியாய வாதமும் அநியாய வாதமும் மோதும் பகுதியும், கூடம் எரியும் முடிவும் திருத்தத்தில் வந்தவை என்று பழைய முன்னுரைக் குறிப்பு ஒன்று சொல்கிறது. ஆக, 423-இல் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தத் தீயைப் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை.

இருக்கும் பிரதியிலும் அந்தத் தீயைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கிழவர் ஹெர்மீஸ் என்ற தெய்வத்தின் சிலையிடம் யோசனை கேட்கிறார். வழக்குப் போடாதே, கொளுத்து என்று சிலை சொன்னதாகத் தானே சொல்லிக்கொள்கிறார். வழக்கிலிருந்து தப்பிக்க வந்தவர் தீவைப்பில் வந்து நிற்கிறார். கூரை மேல் ஏறி நிற்பவரிடம் என்ன செய்கிறாய் என்று கேட்டால், காற்றில் நடக்கிறேன், சூரியனை ஆராய்கிறேன் என்று கூடையில் இருந்தபோது சாக்ரடீஸ் சொன்ன அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்கிறார். இவரை நியாயத்தின் பிரதிநிதியாகக் கவிஞர் நிறுத்தியிருக்கிறார் என்று என்னால் படிக்க முடியவில்லை.

சாக்ரடீஸின் உருவத்துக்கு வருவோம். காசுக்குப் பாடம், தோற்கும் வாதத்தை ஜெயிக்கவைக்கும் வித்தை எல்லாம் சோஃபிஸ்டுகள் என்ற கூலி வாங்கும் பேச்சுக்கலை ஆசிரியர்களிடமிருந்து எடுத்து ஒட்டியவை. காற்றே எல்லாம் என்ற பேச்சு அப்பொலோனியா ஊர்த் தத்துவஞானி டயோஜெனீஸுடையது. வெறுங்காலும் அந்த நடையும் பார்வையும் மட்டும் அசலானவை. இது அவதூறு என்பார் கட்டுரையாளர். ஆனால் அதே ஆண்டு இரண்டாம் இடம் பெற்ற அமெய்ப்சியஸின் நாடகத்திலும் சாக்ரடீஸ் கிண்டலுக்கு உள்ளானதாக அறிஞர்கள் கருதுகிறார்கள். இன்னொரு நகைச்சுவைக் கவிஞரான யூபொலிஸோ, எல்லாவற்றையும் பற்றி யோசித்து, சோற்றுக்கு வழி என்ன என்று மட்டும் யோசிக்காத பிச்சைக்கார வாயாடி என்று அவரைத் திட்டியிருக்கிறார். ஊரே அடையாளம் கண்டுகொள்ளும் முகத்தை எல்லாக் கவிஞர்களும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அரிஸ்டோஃபனீஸை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. அவருடைய நாடகம் மட்டும் முழுதாகப் பிழைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இதற்காகச் சாக்ரடீஸின் மாணவர் பிளேட்டோவின் சாட்சியத்தை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அவர் எழுதித் தந்திருக்கும் விசாரணை உரையில், முன்பே தன்மேல் பழி சொன்னவர்களே ஆபத்தானவர்கள் என்று சாக்ரடீஸ் சொல்கிறார், அரிஸ்டோஃபனீஸின் பெயரைக் குறிப்பிட்டே பேசுகிறார். கேலி ஊரார் மனதில் தங்கியது உண்மை. ஆனால் நாடகத்துக்கும் வழக்குக்கும் இடையே 24 ஆண்டுகள் இருக்கின்றன. ஏதென்ஸ் போரில் தோற்றது, 404-இல் முப்பதின்மர் என்ற முப்பது பேரின் கொடுங்கோல் ஆட்சி வந்து ரத்தம் சிந்தியது, அதன் தலைவர்களில் ஒருவரான கிரிடியஸ் சாக்ரடீஸோடு பழகியவர். 345-இல் ஒரு வழக்கில் பேசிய ஏதென்ஸ் பேச்சாளர் ஏஸ்கினீஸ், கிரிடியஸுக்குப் பாடம் சொன்னதால்தானே சாக்ரடீஸைக் கொன்றீர்கள் என்று நடுவர்களைப் பார்த்துச் சொல்கிறார். ‘மேகங்கள்’ நாடகத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

அதே பிளேட்டோ, ‘விருந்து’ உரையாடலில் சாக்ரடீஸையும் அரிஸ்டோஃபனீஸையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கிறார். மற்றவர்களில் பலர் தூங்கியும் கிளம்பியும் போன பிறகும், விடியும்வரை இருவரும் நாடகக் கவிஞர் அகதோனுடன் குடித்துக்கொண்டே பேசுகிறார்கள். அங்கே ஏதென்ஸ் தளபதி அல்சிபியடீஸ், டெலியம் போரிலிருந்து ஏதென்ஸ் படை பின்வாங்கிய காட்சியை விவரிக்கிறார். எதிரி துரத்தும்போதும் சாக்ரடீஸ் பதறாமல், நெஞ்சை நிமிர்த்தி இருபுறமும் பார்த்தபடி நடந்தாராம். அதைச் சொல்ல அவர் எடுத்தாள்வது ‘மேகங்கள்’ நாடகத்தின் வரி! தெருவில் அலட்டலாக நடக்கிறார் என்று கிண்டலுக்கு எழுதிய வரியை வீரத்துக்குப் புகழாரமாக மாற்றிச் சூட்டுகிறார். அந்தப் போர் நடந்தது 424-இல், நாடகம் அடுத்த ஆண்டு. அரிஸ்டோஃபனீஸைக் கொலைகாரன் என்று பிளேட்டோ நினைத்திருந்தால் அந்த வரியை இப்படி மேற்கோள் காட்டியிருப்பாரா?

தொடரின் அடுத்த பகுதி பிளேட்டோ காலத்து நாடகங்கள் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். நகைச்சுவைக் கவிஞர் எபிக்ரடீஸ் எழுதிய ஒரு பகுதியைக் கட்டுரையாளர் தவறவிடக் கூடாது. பிளேட்டோவின் பள்ளியான அக்காடமியில் மாணவர்கள் ஒரு பூசணிக்காயை வைத்துக்கொண்டு, இது எந்த இனம், காய்கறியா, புல்லா, மரமா என்று தலை குனிந்து வகைப்படுத்துகிறார்கள். அங்கிருந்த சிசிலி நாட்டு மருத்துவர் அந்தப் பிதற்றலைக் கேட்டுக் காற்றைப் பிரிக்கிறார். மாணவர்கள் அதைச் சட்டை செய்யவில்லை. பிளேட்டோவும் கோபப்படாமல், மென்மையாக, மறுபடி முதலிலிருந்து வகைப்படுத்துங்கள் என்கிறார். கேலிதான், ஆனால் அக்காடமியில் உண்மையாகவே நடந்த வகைப்படுத்தும் பயிற்சியை அறிந்தவரால்தான் இப்படி எழுத முடியும். அதையும் கட்டுரையாளர் தத்துவத்தின்மேல் நடந்த தாக்குதல் என்றே எழுதப்போகிறாரா என்று அடுத்த இதழில் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.