எஸ்எஸ்டி வாங்கும் முன் துளையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தர்மபுரியில் ஒரு கடையில் ‘இதுதான் சார் வேகம்’ என்று சொன்னதை நம்பி என்விஎம்இ என்ற அதிவேக வகை எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்புச் சாதனம்) ஒன்றை வாங்கி வந்து, வீட்டில் பழைய கணினியைத் திறந்தால், எம்.2 துளை (அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருக்கிறது, ஆனால் அதனுள் உள்ள தடுப்பு இடப்பக்கம், வாங்கிய எஸ்எஸ்டி அட்டையில் வெட்டு வலப்பக்கம். உள்ளே போகவே இல்லை! அது சாட்டா என்ற பழைய, வேகம் குறைந்த வகை எஸ்எஸ்டிக்கான துளையாம். கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

சரி, அந்தத் துளையே தேவைப்படாத 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே போட்டேன். நொடிக்கு 550 எம்பிதான், என்விஎம்இயில் 3,500 கூட வரும். ஆனாலும் ஹார்டு டிஸ்கில் தவழ்ந்த கணினி இப்போது டக்கென்று திறக்கிறது, பில் போட அது தாராளம். விற்பவர்கள் முதலில் மதர்போர்டு (கணினியின் முதன்மைப் பலகை) மாடலைக் கேட்டுவிட்டு அப்புறம் பெட்டியை எடுக்கட்டும்.

ஒரு வாசகர்,
பாலக்கோடு